மார்கழி மூடுபனியும் மலைக்காய்ச்சலும்: சிறுமலை ஏன் கோடைக்கானல் ஆகவில்லை?

வாடிப்பட்டியில் இருப்பவர்களுக்கு வடக்கே பார்த்தால் சிறுமலை. தனியாகத் தேட வேண்டியதில்லை, மொட்டை மாடியில் துணி காயப்போடப் போனாலே கண்ணில் படும். மார்கழி, தை மாதங்களில் மட்டும் காலை எட்டரை மணி வரைக்கும் மலை இருக்காது. பேரணையிலிருந்து வரும் பெரியாறு வாய்க்கால் தண்ணீர் பாய்ந்த வயல் ஈரத்திலிருந்து எழும் பனி ஒருபக்கம், மலை உச்சியில் வந்து உட்காரும் மேகம் ஒருபக்கம். ரெண்டும் கலைந்த பிறகுதான் மலை மெதுவாக வெளியே வரும்.

இந்த மலையைப் பற்றி எனக்கு ரொம்ப நாளாக ஒரு கேள்வி. மதுரையில் வெயில் தாங்காமல் தவித்த வெள்ளைக்காரர்கள் இவ்வளவு பக்கத்தில் ஒரு மலையை வைத்துக்கொண்டு, ஏன் கோடைக்கானல் வரைக்கும் போனார்கள்? மதுரையிலிருந்து சிறுமலை அடிவாரம் மாட்டு வண்டியில் ஒரு ராத்திரிப் பயணம். கோடைக்கானலுக்கு அப்படியில்லை. பெரியகுளம் வரைக்கும் வண்டி, அப்புறம் செங்குத்தான மலைப்பாதை. ஐ.டி. வேலையில் இருப்பவன் பாஷையில் சொன்னால், பக்கத்து சர்வரை விட்டுவிட்டு யாரும் காரணம் இல்லாமல் தூரத்து சர்வருக்குப் போக மாட்டார்கள்.

காரணம் ஒரே சொல்லில் இருக்கிறது. காய்ச்சல். ஆனால் அந்த ஒரு சொல்லுக்குள் நிறைய பேருடைய உயிர் இருக்கிறது. அதனால் கொஞ்சம் நிதானமாகவே பார்க்கலாம்.

முதலில் சிறுமலையின் பழமையைப் பற்றி ஒரு சின்ன குறிப்பு. சிலப்பதிகாரத்தில் கோவலன், கண்ணகி, கவுந்தியடிகள் மூவரும் மதுரைக்கு நடந்து வரும்போது எதிர்ப்படும் மறையவன் ஒருவன் மூன்று வழிகளைச் சொல்கிறான். அதில் வலப்பக்க வழியில் வருவது சிறுமலை. இடப்பக்க வழியில் வருவது திருமாலிருஞ்சோலை, அதாவது இன்றைய அழகர்மலை. சிறுமலையைப் பாண்டியனுடைய மலை என்றே காப்பியம் சொல்கிறது. அங்கே விளைவதாக வரும் பட்டியலில் வாழையும் இருக்கிறது, பலாவும் இருக்கிறது. இன்றைக்குச் சிறுமலை என்றவுடன் நமக்கு நினைவுக்கு வருவதும் அதே ரெண்டும்தான்! அவர்கள் நடந்தது குளிர்காலத்தில் இல்லை, கடும் வேனிலில். வெயிலுக்குப் பயந்து ராத்திரியில் நிலா வெளிச்சத்தில் நடந்தார்கள். இந்த ஊர்க்காரர்களுக்கு அது புரியும்.

இனி காய்ச்சலுக்கு வருவோம்.

1809 முதல் 1811 வரை கோயம்புத்தூர், மதுரை, திண்டுக்கல், திருநெல்வேலி சீமைகளில் ஒரு பெரிய காய்ச்சல் பரவியது. சென்னை அரசாங்கம் ஒரு மருத்துவக் குழுவை அமைத்து விசாரிக்கச் சொன்னது. ஐன்ஸ்லி, ஸ்மித், கிறிஸ்டி என்ற மூவர் அதில் இருந்தார்கள். அந்த அறிக்கை 1816-ல் லண்டனில் புத்தகமாகவே வந்தது. நம் பகுதியின் நோய் வரலாற்றை ஆராய நினைக்கிறவர்கள் அவசியம் தேடிப் படிக்க வேண்டிய ஒன்று. அந்தக் காலத்து மருத்துவத்தின்படி காய்ச்சலுக்குக் காரணம் கெட்ட ஆவி. தேங்கின தண்ணீர், அழுகின இலைதழை, ஈரமான காட்டு மண் இவற்றிலிருந்து எழும் ஆவியைச் சுவாசித்தால் காய்ச்சல் வரும் என்று நம்பினார்கள். மலேரியா என்ற சொல்லே இத்தாலிய மொழியில் 'கெட்ட காற்று'தான். (எங்கள் பள்ளிக்கூடத்தில் ஒருத்தன் 'மலை ஏரியா'வில் வருவதால் மலேரியா என்று சத்தியம் பண்ணுவான். முழுசாகத் தள்ளிவிட முடியாத விளக்கம்!)

தமிழிலும் நம்மாட்கள் அதற்கு வைத்த பெயர்கள் கவனிக்க வேண்டியவை. நடுக்கத்தோடு வருவதால் குளிர்காய்ச்சல். ஒருநாள் விட்டு ஒருநாள் முறை வைத்து வருவதால் முறைக்காய்ச்சல். மலைக்குப் போனவனுக்கு வருவதால் மலைக்காய்ச்சல். மூன்றுமே கண்ணால் பார்த்து வைத்த பெயர்கள். காரணம் தெரியாவிட்டாலும் எங்கே வரும், எப்படி வரும் என்று தெரிந்திருந்தது.

1834-ல் மதுரைக்கு அமெரிக்க மிஷன் வருகிறது. பாஸ்டன் நகரத்தைத் தலைமையிடமாகக் கொண்ட சபை அது. ஏற்கெனவே 1816 முதல் யாழ்ப்பாணத்தில் வேலை செய்து, தமிழ் கற்று, பள்ளிக்கூடங்கள் நடத்திக்கொண்டிருந்தார்கள். யாழ்ப்பாணத்திலிருந்து தமிழோடுதான் மதுரைக்கு வந்தார்கள். ஆனால் யாழ்ப்பாணத்துக் கடல் காற்று இங்கே இல்லை. வந்த சில வருடங்களிலேயே காலராவும் காய்ச்சலும் வயிற்றுப்போக்கும் அவர்களை அடித்துப் போட்டன. பெரியவர்கள், குழந்தைகள் என்று சாவு விழுந்துகொண்டே இருந்தது. அந்தக் காலத்து மிஷனரி கல்லறைகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், கல்லில் இருக்கும் வயதுகள் எவ்வளவு சின்னவை என்று.

சாவிலிருந்து தப்பிக்க அவர்கள் முதலில் பார்த்த மலை கோடைக்கானல் இல்லை, சிறுமலைதான். மேலே பங்களாக்கள் கட்டினார்கள். கோடையில் குடும்பத்தோடு போய்த் தங்கினார்கள். காய்ச்சல் அங்கேயும் வந்தது. கீழே விட்டுவிட்டு வந்ததாக நினைத்த அதே காய்ச்சல். கடைசியில் சிறுமலையைக் கைவிட்டார்கள். 1906-ல் பிரான்சிஸ் எழுதிய மதுரை மாவட்டக் கெசட்டியர் வரைக்கும் சிறுமலை என்றால் காய்ச்சல் மலை என்ற பெயர் ஒட்டிக்கொண்டே இருந்தது.

சரி, ஏன் சிறுமலையில் காய்ச்சல், கோடைக்கானலில் இல்லை? ரெண்டும் மலைதான், ரெண்டிலும் காடு உண்டு, ரெண்டிலும் பனி மூடும். கெட்ட ஆவிதான் காரணம் என்றால் கோடைக்கானலில் இன்னும் அதிகமாக அல்லவா வந்திருக்க வேண்டும்?

இந்த இடத்தில் போன வருஷம் மார்கழியில் நாங்கள் எட்டு பேர் சிறுமலை போன கதையைச் சொல்லிவிடுகிறேன். பாதி பேர் என்னோடு வேலை பார்க்கிறவர்கள், மீதி பேர் வாடிப்பட்டி பள்ளிக்கூடத்துச் சேக்காளிகள். திண்டுக்கல் போய் விடியற்காலை பஸ். பதினெட்டுக் கொண்டை ஊசி வளைவு. பத்தாவது வளைவுக்கு மேலே டிரைவர் அண்ணன் முன்விளக்கைப் போட்டுக்கொண்டே ஊர்ந்தார், கண்ணாடிக்கு முன்னால் வெள்ளையாக ஒரு சுவர். அகஸ்தியர்புரத்தில் இறங்கி வெள்ளிமலை சிவன் கோயிலுக்கு ஏற ஆரம்பித்தோம். முன்னால் போகிறவன் முதுகு பத்தடியில் மறைந்துவிடும். அதனால் வரிசையாக ஆளுக்கொரு நம்பர் சொல்லிக்கொண்டே ஏறினோம். ஒன்று, ரெண்டு, மூணு என்று எட்டு வரைக்கும். ஐந்தாம் நம்பர் சத்தம் வராவிட்டால் எல்லோரும் நிற்க வேண்டும். ஐந்தாம் நம்பர் ஒவ்வொரு தடவையும் போட்டோ எடுக்கத்தான் நின்றிருந்தான்.

நான் ஒரு சின்ன வெப்பமானி கொண்டு போயிருந்தேன். காலை ஆறரை மணிக்கு 15 டிகிரி. இறங்கி வந்து டீக்கடையில் உட்கார்ந்தபோது ஒரு பெரியவரிடம் பேச்சுக் கொடுத்தேன். "அந்தக் காலத்துல காய்ச்சல் இருந்துச்சாங்கய்யா?" என்றேன்.

"இப்ப என்ன தம்பி, நல்லா பஸ்ஸுல வாறீக, போறீக. எங்க அப்பாரு காலத்துல கீழ இருந்து வேலைக்கு வாற ஆளு ராத்தங்க மாட்டான். பனி எறங்குறதுக்குள்ள எறங்கிரணும்னு ஓடுவான். பனியிலதான் காய்ச்ச இருக்குன்னு சொல்லுவாக."

பனியில்தான் காய்ச்சல். 1816 அறிக்கையின் கெட்ட ஆவியும் டீக்கடைப் பெரியவரின் பனியும் கிட்டத்தட்ட ஒரே விளக்கம் என்று அப்போதே தோன்றியது. நம் மொழியில் பனி என்ற ஒரே சொல் புல் மேல் இருக்கும் துளிக்கும், முகத்தில் மோதும் மூட்டத்துக்கும், இமயமலையில் உறைந்து கிடப்பதற்கும் போய்விடுகிறது. வருஷத்தை ஆறாகப் பிரித்த நம் முன்னோர் அதில் முன்பனி, பின்பனி என்று ரெண்டு பருவத்தை இதற்கே கொடுத்திருக்கிறார்கள். பனிக்கு அவ்வளவு முக்கியத்துவம் கொடுத்த ஊரில் காய்ச்சலையும் அதன் தலையில் கட்டியதில் ஆச்சரியம் இல்லை.

உண்மையான குற்றவாளி யார் என்பது 1897 ஆகஸ்டில் தெரிந்தது. செகந்தராபாத்தில் ரொனால்ட் ராஸ், கொசுவின் வயிற்றில் மலேரியாக் கிருமியைக் கண்டுபிடித்தார். மனிதர்களுக்கு அதைக் கடத்துவது அனாபிலிஸ் வகைக் கொசு என்பதை அடுத்த ஆண்டு இத்தாலியில் கிராஸி குழுவினர் நிறுவினார்கள். சிறுமலையை மிஷனரிகள் கைவிட்டு அரை நூற்றாண்டு கழிந்த பிறகு!

ஆனால் கொசு என்று சொல்லிவிட்டால் மட்டும் சிறுமலை, கோடைக்கானல் வித்தியாசம் விளங்காது. அதற்கு வெப்பநிலைக் கணக்கு வேண்டும். நான் எக்செல்லில் போட்டுப் பார்த்ததை அப்படியே தருகிறேன்.

கிருமி கொசுவுக்குள் போனவுடன் பரவத் தயாராகிவிடாது. கொசுவின் உடம்புக்குள் அது வளர்ந்து, பெருகி, எச்சில் சுரப்பிக்கு வந்து சேர வேண்டும். கொசுவுக்கு நம்மைப்போல் உடம்புச் சூடு கிடையாது. வெளியே என்ன வெப்பமோ அதுதான் உள்ளேயும். வெப்பம் குறைந்தால் கிருமியின் வளர்ச்சி மந்தமாகும். வைவாக்ஸ் வகைக் கிருமிக்குச் சுமார் 16 டிகிரிக்குக் கீழே வளர்ச்சியே இல்லை. உயிரைக் குடிக்கும் பால்சிபாரம் வகைக்கு சுமார் 18 டிகிரி. 25 டிகிரியில் பத்துப் பன்னிரண்டு நாளில் வளர்ந்துவிடும் கிருமி, 20 டிகிரியில் மூணு நாலு வாரம் எடுத்துக்கொள்ளும். கொசுவின் ஆயுசே சில வாரம்தான். கிருமி தயாராவதற்குள் கொசு செத்துவிட்டால் நோய் பரவாது. மலேரியா முழுக்க இந்த ஓட்டப்பந்தயம்தான்: கொசு முதலில் சாகுமா, கிருமி முதலில் முதிருமா?

அடுத்தது உயரம். ஆயிரம் மீட்டர் ஏறினால் சராசரியாக ஆறரை டிகிரி குறையும் என்பது பொதுவான கணக்கு. வாடிப்பட்டி சுமார் 200 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஜனவரியில் பகலும் இரவும் சேர்ந்த சராசரி 25 டிகிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். சிறுமலை உச்சி 1,600 மீட்டர் என்று விளம்பரங்களில் போடுவார்கள், அது உச்சி. ஜனங்கள் இருக்கும் ஊர் ஆயிரத்துச் சொச்சம் மீட்டரில். அங்கே ஜனவரிச் சராசரி 19, 20 டிகிரி வரும். கோடைக்கானல் 2,100 மீட்டர். அங்கே 12, 13 டிகிரி. வானிலைப் பதிவுகளோடு ஒப்பிட்டால் கோடைக்கானல் கணக்கு கிட்டத்தட்ட சரியாகவே இருக்கிறது.

இப்போது மே மாதம். வாடிப்பட்டியில் சராசரி 31 டிகிரி. சிறுமலையில் 25. கோடைக்கானலில் கணக்குப்படி 18, 19. உண்மையில் அதையும்விடக் கொஞ்சம் குறைவு.

இந்த எண்களை வரிசையாகப் பார்த்தபோதுதான் எனக்கு விஷயம் பிடிபட்டது. குளிர்காலத்தில் சிறுமலை ஏறுகிறவனுக்கு அது சுகமான மலை. நடுங்க வைக்கும் பனி, குளிர்ந்த தண்ணீர், காய்ச்சல் மந்தமாக இருக்கும் பருவம். இங்கே ஒரு பங்களா கட்டினால் என்ன என்று யாருக்கும் தோன்றும். எங்கள் எட்டு பேரில் மூணு பேருக்குத் தோன்றியது! ஆனால் மிஷனரிகள் தங்க வந்தது குளிர்காலத்தில் இல்லை. கீழே வெயில் கொளுத்தும்போதுதான் மேலே ஓடி வருவார்கள். அப்போது சிறுமலையில் 25 டிகிரி. மனிதனுக்கு இதமான வெப்பம், கிருமிக்கும் அதே இதம். எதிலிருந்து தப்பி வந்தார்களோ அது முழு வேகத்தில் இருக்கும் மாதத்தில் அதன் நடுவில் வந்து குடியிருந்தார்கள். மலைச்சரிவில் ஓடும் தெளிந்த ஓடைகளில் வளரும் அனாபிலிஸ் வகைகளும் உண்டு என்பதால் 'தண்ணீர் சுத்தமாகத்தானே இருக்கிறது' என்ற சமாதானமும் செல்லாது.

பெரியவர் சொன்ன பனிக்கும் இதில் ஒரு சின்னப் பங்கு உண்டு. காற்றில் ஈரம் இருந்தால் கொசு கூடுதல் நாள் உயிரோடு இருக்கும். காய்ந்த காற்றில் சீக்கிரம் செத்துவிடும். அனாபிலிஸ் கடிப்பது அந்தி சாய்ந்த பிறகு. ஆக, 'பனி இறங்குவதற்குள் இறங்கிவிடு' என்ற பழக்கம் காரணத்தைத் தப்பாகச் சொன்னாலும் செய்யச் சொன்ன காரியம் சரி. கெட்ட ஆவிக் கொள்கையை இன்றைக்குச் சிரித்துத் தள்ளுகிறவர்கள் இதையும் கொஞ்சம் யோசிக்கலாம்.

கோடைக்கானல் கதைக்குப் போவோம். பழனி மலைக்கு மேலே முதலில் அளவெடுக்கப் போன ஆங்கிலேயர் லெப்டினன்ட் வார்ட். 1821-ல் பெரியகுளம் பக்கத்துச் சரிவிலுள்ள வெள்ளகவி கிராமத்தில் தங்கி, அங்கிருந்து மேலே ஏறினார். ஆளில்லாத மலையைக் 'கண்டுபிடித்தார்' என்று சில சுற்றுலாப் புத்தகங்களில் எழுதுகிறார்கள். ஆளில்லாத மலையில் கிராமம் எப்படி இருக்கும்? குன்னுவர், புலையர், பளியர் எல்லாம் தலைமுறை தலைமுறையாக அங்கே இருந்தார்கள். வார்டுக்கு வழி காட்டியதும் மலைக்காரர்களாகத்தான் இருக்க முடியும்.

1834-ல் மதுரை சப்-கலெக்டர் ராட்டன், வருவாய் வாரியத்தைச் சேர்ந்த காட்டன் ரெண்டு பேரும் தேவதானப்பட்டிப் பக்கமிருந்து ஏறி, செண்பகனூர் அருகே அடுக்கம் கணவாய்த் தலையில் ஒரு சின்ன பங்களா கட்டினார்கள். 1836-ல் தாவரவியலாளர் ராபர்ட் வைட் போய்ச் செடிகொடிகளைப் பார்த்துவிட்டு, அடுத்த வருஷம் சென்னை ஆராய்ச்சி இதழ் ஒன்றில் எழுதினார். 1845-ல்தான் அமெரிக்க மிஷனரிகள் மேலே ரெண்டு வீடுகள் கட்டினார்கள். சன்னிசைடு, ஷெல்டன் என்று பெயர். கோடைக்கானல் ஊராகத் தொடங்குவது அங்கேதான். ஊட்டியைப்போல அரசாங்கம் உண்டாக்கியது அல்ல, சாவுக்குப் பயந்த சில குடும்பங்கள் உண்டாக்கியது. ஏரி எல்லாம் பிற்பாடு, 1863-ல் கலெக்டர் லெவிஞ்ச் காலத்தில் ஓடைகளை மறித்துக் கட்டியது.

அவர்கள் ஏறிய வழிக்குப் பெயர் கூலி காட். பெரியகுளம் பக்கத்தில் கிருஷ்ணம்ம நாயக்கன் தோப்பு என்ற இடம் அடிவாரம். மதுரையிலிருந்து மாட்டு வண்டியில் வந்து தோப்பில் இறங்கி, விடியும் முன்னே ஏறத் தொடங்குவார்கள். சுமார் 18 கிலோமீட்டர் நடை. ஏற வேண்டிய உயரம் கிட்டத்தட்ட 1,800 மீட்டர். அதாவது சராசரியாகப் பத்தடி நடந்தால் ஓரடி ஏற்றம், இடைவெளி இல்லாமல், 18 கிலோமீட்டருக்கு. முடிந்தவர்கள் நடந்தார்கள், சிலர் குதிரையில் போனார்கள். பெண்கள், குழந்தைகள், நோயாளிகள் எல்லாம் நாற்காலியிலோ டோலியிலோ போனார்கள்.

நாற்காலி தானாக ஏறாது. நாற்காலி, மூங்கில், அதில் உட்கார்ந்த ஆள் எல்லாம் சேர்த்து எண்பது கிலோவுக்கு மேல் வரும். நாலு பேர் தூக்கினால் தோளுக்கு இருபது கிலோ. மாற்று ஆட்கள் கூடவே நடக்க வேண்டும். ஒரு குடும்பம் மேலே போவதென்றால் படுக்கை, பாத்திரம், மாவு, புத்தகப் பெட்டி, சில வீடுகளுக்கு ஆர்மோனியம்கூட. எல்லாம் தலையிலும் தோளிலும். பாதைக்குக் கூலி காட் என்று பெயர் வந்ததே இவர்களால்தான். ஆனால் அந்தப் பெயருக்குள் ஒரு ஆளின் பெயரும் இல்லை. வீடுகளுக்கு சன்னிசைடு, ஷெல்டன் என்று பெயர் இருக்கிறது. கலெக்டர்களுக்குச் சாலையும் தூணும் இருக்கிறது. தூக்கினவர்களுக்கு வேலையின் பெயர் மட்டும்.

குளிர்காலத்தில் இந்தப் பாதை எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். கீழே தோப்பில் விடியற்காலை 20 டிகிரி. மேலே செண்பகனூர் தாண்டும்போது மேகத்துக்குள் நுழைந்தாயிற்று, 10 டிகிரிக்குப் பக்கம். நாற்காலியில் இருப்பவருக்குக் கம்பளி. தூக்குகிறவருக்கு ஒரு வேட்டி, ஒரு துண்டு, வேர்த்து நனைந்த முதுகு. எட்டு பேர் நம்பர் சொல்லிக்கொண்டு ஏறினோமே, அதே பனிதான். முன்னாலிருப்பவன் கால் வைக்கும் இடம் பின்னாலிருப்பவனுக்குத் தெரியாது. தோளில் வேறு ஆள். இறங்கித் தோப்பில் ராத்தங்கினால் அடிவாரத்துக் கொசு. மேலே போன துரைசாணி காய்ச்சலுக்குத் தப்பினார். அவரை மேலே கொண்டு போய் விட்டவர் அதே ராத்திரி காய்ச்சலுக்குள் திரும்பி வந்தார்.

எல்லா மிஷனரிகளும் தப்பினார்கள் என்றும் இல்லை. பெரியகுளத்தில் வேலை பார்த்த டேவிட் காயிட் ஸ்கடர் 1862 நவம்பரில் வெள்ளம் ஓடிய வைகையைக் கடக்கும்போது மூழ்கிச் செத்தார். வயது 27. பருவமழைக் காலத்தில் அந்தப் பக்கம் பயணம் என்றால் காய்ச்சல் மட்டும் ஆபத்தில்லை.

1875-ல் திண்டுக்கல் வழியாக மதுரைக்கு ரயில் வந்தது. வாடிப்பட்டிக்கு அடுத்த ஸ்டேஷன் அம்மையநாயக்கனூர், இன்றைக்குப் பெயர் கோடைக்கானல் ரோடு. இந்த ஸ்டேஷனில் எனக்குப் பிடித்த வேடிக்கை ஒன்று உண்டு. பிளாட்பாரத்தில் இறங்கினவுடன் எதிரே தெரிவது சிறுமலைதான். சிறுமலையின் காலடியில் இறங்கி, அதற்கு முதுகைக் காட்டி, 80 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் இன்னொரு மலைக்கு வண்டி பிடிக்கிறோம். ஸ்டேஷன் பெயரில்கூடச் சிறுமலை இல்லை. ஒரு கொசுவும் ஐந்தாறு டிகிரி வெப்பமும் சேர்ந்து ஒரு ரயில் நிலையத்துக்குப் பெயர் வைத்திருக்கின்றன!

மலைமேல் மோட்டார் வண்டி போகும் சாலை முழுமையானது 1910களில்தான். அதற்கு முன்னாலேயே கோடைக்கானலில் சூரிய ஆய்வகம் வந்துவிட்டது, 1899-ல். 1876-78 பஞ்சத்துக்குப் பிறகு, சூரியனை ஆராய்ந்தால் பருவமழையை முன்கூட்டிச் சொல்ல முடியுமா என்ற எண்ணம் வலுத்ததன் தொடர்ச்சி அது. பனி மூடும் ஊரில் போய்ச் சூரியனைப் பார்க்கிறார்களே என்று கேட்கத் தோன்றும். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்ததும் ஜனவரியிலிருந்து அங்கே காலை வானம் கழுவிவிட்டது மாதிரி இருக்கும். எவர்ஷெட், சூரியப் புள்ளிகளில் வாயுக்கள் வெளிநோக்கிப் பாய்வதைக் கண்டுபிடித்தது 1909 ஜனவரியில்தான். இன்றைக்கும் எவர்ஷெட் விளைவு என்றே உலகம் சொல்கிறது. அந்த ஆய்வகத்தின் தொலைநோக்கிகள் மோட்டார் ரோடு இல்லாத காலத்தில் மேலே போனவை என்பதை அங்கே போகும்போது ஒரு நிமிஷம் நினைத்துக்கொள்ளுங்கள்.

கைவிடப்பட்ட சிறுமலை என்ன ஆயிற்று? ஆட்கள் இருந்துகொண்டேதான் இருந்தார்கள். காபித் தோட்டங்கள் வந்தன. மலைவாழை பெருகியது. சுமை இறக்க மட்டக்குதிரைகள் வந்தன, இன்றைக்கும் மேலே பார்க்கலாம். தோட்ட வேலைக்குப் போனவர்களுக்கும் பளியர்களுக்கும் 'இங்கே காய்ச்சல், வேறு மலைக்குப் போவோம்' என்று சொல்லும் வசதி இல்லை. அவர்களுக்கு விடிவு வந்தது சுதந்திரத்துக்குப் பிறகுதான். 1953-ல் தேசிய மலேரியாக் கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்கி வீடு வீடாக டி.டி.டி. அடித்தார்கள். டி.டி.டி.யைப் பற்றி இன்றைக்கு நமக்கு எவ்வளவோ புகார் உண்டு, நியாயமான புகார்கள். ஆனால் மலையடிவாரத்து ஊர்களில் ராத்தங்க முடிந்ததற்கு அதுவும் ஒரு காரணம் என்பதை மறைக்கக் கூடாது. பிற்பாடு முடிக்கொத்து நோய் வந்து சிறுமலை வாழையைச் சூறையாடியது, அது தனிக் கதை. 2008-ல் அந்த வாழைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது.

இப்போது மலையேறுவது பொழுதுபோக்கு ஆகிவிட்டது. 2018 மார்ச்சில் குரங்கணியில் காட்டுத் தீயில் சிக்கி மலையேற்றம் போன இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்த பிறகு, தமிழ்நாட்டில் மலையேற்றத்துக்கு விதிமுறைகள் வந்தன. 2024-ல் அரசே வனத்துறை மூலம் நாற்பது தடங்களை வழிகாட்டியோடு திறந்துவிட்டது. வாடிப்பட்டிப் பக்கத்துத் தாடகைமலை, குட்லாடம்பட்டித் தடமும் அதில் உண்டு. மார்கழியில் போக நினைப்பவர்கள் முறைப்படி அனுமதி வாங்கி, உள்ளூர் வழிகாட்டியோடு போங்கள். பனியில் ஜி.பி.எஸ். உங்களைக் காப்பாற்றாது, முன்னால் போகிற உள்ளூர்க்காரர் காப்பாற்றுவார்.

கூலி காட் புதர் மண்டிவிட்டது. ஆனால் 1821-ல் வார்ட் தங்கிய வெள்ளகவி இன்னும் இருக்கிறது. வட்டக்கானலிலிருந்து இறங்கினால் வெள்ளகவி, அதற்குக் கீழே கும்பக்கரை அருவி. வார இறுதியில் பட்டணத்து இளைஞர்கள் கூட்டம் கூட்டமாகப் போகும் பாதை அது. ஊருக்குள் யாரும் செருப்புப் போட மாட்டார்கள், வருகிறவர்களும் கழற்ற வேண்டும். அந்த ஊருக்குச் சமீப காலம் வரை வண்டிப் பாதை கிடையாது. அரிசி மூட்டை குதிரையில் வரும். பிரசவ வலி எடுத்தாலோ பாம்பு கடித்தாலோ ஒரு மூங்கிலில் போர்வையைக் கட்டி, டோலி மாதிரி நாலு பேர் தூக்கிக்கொண்டு, முன்னால் ஒருத்தர் டார்ச் பிடிக்க, அந்தப் பனிக்குள் நடந்துதான் ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறார்கள்.